சீட்டு விழுந்தவரின் இசே யாத்திரை

1718-ஆம் ஆண்டில் ஜப்பானின் இசே பகுதியை நிர்வகித்த யமதா நகர அதிகாரி, எடோவிலிருந்த (இன்றைய டோக்கியோ) ஷோகன் அரசுக்கு ஒரு கணக்கு எழுதி அனுப்பினார். புத்தாண்டு நாள் தொடங்கி நான்காம் மாதத்தின் பாதி வரை இசே ஆலயங்களுக்கு வந்துபோன யாத்திரிகர்கள் 4,27,500 பேர். அந்த ஆண்டில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை, அது திருவிழா ஆண்டும் இல்லை. அன்றைய ஜப்பானின் மக்கள்தொகை ஏறக்குறைய 3 கோடி. ரயில் வருவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் நடந்தே வந்தவர்கள்.

அவர்களில் பெரும்பங்கினர் உழவர்கள் என்பதுதான் இதில் வியப்பு. தோகுகாவா ஷோகன்களின் ஆட்சியில் உழவர் நினைத்த நேரத்தில் ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது. அவர் நிலத்தைவிட்டு நகர்ந்தால் வரிநெல் குறையும் என்று ஆள்பவர்களுக்குக் கவலை. எடோவிலிருந்து இசேவுக்கு ஒருவழி நடையே சுமார் 15 நாள். வடகிழக்கு மாகாணங்களிலிருந்து கிளம்பியவர்கள் போய்த் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். வழிச்சாப்பாடு, விடுதி, ஆற்றைக் கடக்கக் கூலி, காணிக்கை என்று சேர்த்தால் ஒரு சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடிய செலவே இல்லை. பக்தியால் போனார்கள் என்று சொல்லலாம். ஏன் போனார்கள் என்பதற்கு அது பதிலாகும், எப்படிப் போனார்கள் என்பது அப்படியே மிஞ்சி நிற்கும். அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், யாத்திரை போனவர்களைவிடப் போகாமல் ஊரில் தங்கியவர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். இன்றைய மியே மாநிலத்தில், கீ தீபகற்பத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது இசே. உள்கோயிலான நைக்கூவில் சூரியதேவி அமதெராசு. வெளிக்கோயிலான கெக்கூவில் அவளுக்கு அமுது படைக்கும் உணவுத் தெய்வம் தொயோஉகே. இரண்டுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். இவற்றோடு சேர்ந்த சிறு ஆலயங்களையும் கணக்கிட்டால் மொத்தம் 125. தம்பியின் அட்டகாசம் பொறுக்காமல் அமதெராசு ஒரு கற்குகைக்குள் போய் ஒளிந்துகொண்டதும், உலகம் இருண்டதும், தேவர்கள் கூடி ஆடிப்பாடிச் சிரித்து அவளை வெளியே எட்டிப்பார்க்க வைத்ததும் ஜப்பானியப் புராணத்தின் மையக் கதை. அவளுக்கு நீட்டிய கண்ணாடிதான் நைக்கூவின் மூலப்பொருள் என்பது நம்பிக்கை. தேவி குடிகொள்ளத் தக்க இடம் தேடி இளவரசி யமதோஹிமே நாடு நாடாக அலைந்து கடைசியில் இசேவில் வந்து நின்றாள் என்கிறது 720-இல் முடிக்கப்பட்ட நிஹோன் ஷோக்கி என்ற வரலாற்று நூல். அந்த வகையில் இந்தத் தலத்தின் முதல் யாத்திரிகர் தலத்தைக் கண்டுபிடித்தவளேதான்.

அங்கே போனவர் கண்ணுக்கு என்ன கிடைக்கும்? அநேகமாக ஒன்றும் இல்லை. ஹினோக்கி மரத்தில் கட்டி, புல் வேய்ந்த கூரை போட்ட கருவறை, நான்கு அடுக்கு வேலிகளுக்குள் இருக்கிறது. யாத்திரிகர் வெளிவேலியின் வாயிலில் தொங்கும் வெள்ளைத் திரைக்கு முன் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இன்றும் அப்படித்தான். அந்நாளில் தலையை மழித்த புத்த பிக்குகளுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை, தள்ளி நின்றே வணங்க வேண்டியிருந்தது. 1684-இல் இங்கு வந்த கவிஞர் பாஷோ பிக்கு அல்லர். ஆனாலும் மொட்டைத்தலை காரணமாக அருகே விடவில்லை என்று தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

தொடக்கத்தில் இது பொதுமக்களுக்கான கோயிலே இல்லை. பத்தாம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான எங்கிஷிகி, அரசகுலத்தாரும் அமைச்சர்களும்கூடத் தாமாகக் காணிக்கை செலுத்தக் கூடாது என்று தடுத்தது. பேரரசர் ஒருவருக்கே அந்த உரிமை. பேரரசரின் கருவூலம் வற்றியபோது இந்தக் கதவு தானாகத் திறந்தது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை கருவறையைப் புதிதாகக் கட்டித் தேவியை இடம் மாற்றும் ஷிக்கினென் செங்கூ சடங்கு 690-இல் தொடங்கியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அது 120 ஆண்டுகளுக்கு மேல் நின்றே போயிற்று. 1563-இல் கெக்கூவை மீண்டும் கட்டப் பணம் திரட்டிக் கொடுத்தவர் செய்ஜுன் என்ற புத்த பிக்குணி. பிக்குகளும் பிக்குணிகளும் கிட்டே வரக் கூடாத கோயிலுக்கு ஒரு பிக்குணி ஊர் ஊராகப் போய்ப் பணம் சேர்த்தது இசே வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

அரசு கைவிட்ட கோயிலைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஒன்ஷிகள். இவர்கள் கெக்கூ இருந்த யமதாவிலும் நைக்கூ இருந்த உஜியிலும் வாழ்ந்த, கீழ்நிலைப் பூசாரி மரபைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்ன மாகாணத்தில் இன்ன ஊர்கள் என்று பாத்தியதை உண்டு. ஒன்ஷியோ அவருடைய முகவரோ ஆண்டுதோறும் அந்த ஊர்களுக்குப் போய் வீடு வீடாக இசேவின் காப்புத்தாயத்தை வழங்குவார். கூடவே இசே பஞ்சாங்கமும் இருக்கும். தேயிலை, விசிறி, பெண்களுக்கு முகப்பூச்சுப் பொடி என்று அன்பளிப்புகளும் இருக்கும். பதிலுக்கு வீட்டார் முதல் விளைச்சல் காணிக்கையாக நெல்லோ காசோ கொடுப்பார்கள். காசி, கயை போய்வந்த தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்குள்ள பண்டாக்களும் குடும்பம் குடும்பமாகப் பேரேடு வைத்திருப்பவர்கள். ஆனால் பண்டா யாத்திரிகர் வரும்வரை காத்திருப்பார், ஒன்ஷி யாத்திரிகரின் வாசலுக்கே போய் நின்றார். இந்த ஊர்ப் பாத்தியதைகளை விற்றார்கள், வாங்கினார்கள், அடகும் வைத்தார்கள். ஜப்பானின் முதல் காகிதப் பணம் என்று கருதப்படும் யமதா ஹகாக்கி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கோயில் ஊரில் பிறந்ததற்கு, இங்கே புரண்ட யாத்திரைப் பணமும் ஒன்ஷி குடும்பங்களின் நாணயமும் காரணம்.

பஞ்சாங்கம் ஓர் உழவருக்குச் சின்ன விஷயம் இல்லை. விதைக்கும் நாளையும் அறுக்கும் நாளையும் சொல்லும் தாள் இசேவிலிருந்து வருகிறது. எனவே பார்க்காத கோயில் வீட்டின் ஆண்டுக்கணக்குக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை போய்வர வேண்டும் என்ற ஆசை அங்கே வேர்விட்டது. ஒன்ஷி கோயிலைப் பற்றிப் பேசுவதோடு நிற்கவில்லை. போவதற்கு ஒரு வழியையும் கையில் கொடுத்தார். அந்த வழிக்குப் பெயர் இசே-கோ.

நம் ஊர்க் குலுக்கல் சீட்டைத் தெரிந்தவருக்கு இசே-கோவை விளக்கவே வேண்டாம். ஊரிலோ தெருவிலோ உள்ள வீட்டுத் தலைவர்கள் சேர்ந்து ஒரு குழு வைப்பார்கள். மாதம் இவ்வளவு அல்லது ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் போட வேண்டும். சேர்ந்த பணத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் போய்வரலாம் என்றால், யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஒருமுறை சீட்டு விழுந்தவர் அந்தச் சுற்று முடியும்வரை குலுக்கலில் சேர மாட்டார், ஆனால் பணம் போடுவதை நிறுத்தவும் முடியாது. இப்படி எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு வந்துவிடும். சில ஊர்களில் குழுவுக்குச் சொந்தமாக வயலே இருந்தது. அதன் விளைச்சல் யாத்திரைக்கு. பணம் சேர்க்கும் நாள் ஊர்க்கூட்டமாகவும் விருந்தாகவும் நடக்கும். அமதெராசுவின் பெயர் எழுதிய சுருளை மாட்டி, கும்பிட்டு, சாக்கே குடித்து, அப்படியே கால்வாய்த் தகராறையும் பேசி முடிப்பார்கள்.

நம் சீட்டிலிருந்து இது பிரிகிற இடம் ஒன்று உண்டு. சீட்டு எடுத்தவர் பணத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார், இசே-கோ குழுவில் சீட்டு விழுந்தவர் மற்ற அனைவரின் சார்பாகவும் போகிறார். எல்லார் பெயரிலும் வேண்டி, எல்லார் வீட்டுக்கும் தாயத்து வாங்கி வர வேண்டும். கிளம்பும் நாளில் ஊர் எல்லைவரை வந்து வழியனுப்புவார்கள், வழிச்செலவுக்கு ஆளாளுக்குக் கொஞ்சம் காசு தருவார்கள். இன்னார் இவ்வளவு தந்தார் என்று எழுதி வைப்பார்கள். திரும்பி வரும்போது அந்தக் கணக்குப்படி ஒவ்வொருவருக்கும் ஏதாவது வாங்கி வர வேண்டும். அவர் வழியில் இருக்கும் நாட்களில் வீட்டில் அவருக்கும் ஒரு சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பழக்கம் உண்டு. திரும்பும்போது மறுபடி ஊரே எல்லைக்கு வந்து சாக்கேயோடு எதிர்கொள்ளும். பயணத்தின் இரு முனைகளிலும் போகாதவர்கள்தான் நிற்கிறார்கள். 30 பேர் கொண்ட ஒரு கோ குழுவில் ஓர் ஆண்டு மூன்று பேர் நடந்தார்கள் என்றால், அந்தக் குழுப் பயணத்தில் 27 பேர் வீட்டில் இருந்தபடியே கலந்துகொண்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

அனுமதிச் சிக்கலும் இதனால் ஓரளவு தீர்ந்தது. ஒரு தனி மனிதர் ஊர் சுற்றக் கேட்டால் மறுக்கலாம். ஊரின் பொருட்டு, அறுவடை முடிந்த காலத்தில், சூரியதேவிக்கு வேண்டுதல் செலுத்தப் போகிறார் என்றால் மறுப்பது கடினம். ஊர்த்தலைவரோ புத்தக் கோயில் குருக்களோ பயணச் சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டுகளில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: இவர் வழியில் இறந்துவிட்டால் அந்த ஊர் வழக்கப்படி அடக்கம் செய்துவிடுங்கள், எங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. 1690-களின் தொடக்கத்தில் ஜப்பானில் இருந்த ஜெர்மன் மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ஃபர், இசே யாத்திரிகர்கள் தொப்பியில் தங்கள் பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதியிருந்ததைக் கவனித்தார். காரணமும் அதேதான். சாவை முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொண்டு, கலகலப்பாக நடந்திருக்கிறார்கள்.

ஆட்சி அவ்வளவு கறாராகத் தடுத்ததா என்ற கேள்வியை வரலாற்றாய்வாளர் கான்ஸ்டன்டைன் வபோரிஸ் 1994-இல் வெளிவந்த தம் நூலில் எழுப்பினார். சட்டம் காகிதத்தில் கடுமை, சாவடியில் தளர்வு என்பது அவர் காட்டிய சித்திரம். யாத்திரை என்ற பெயரில் வருகிறவரைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பெண்கள் விஷயத்தில் மட்டும் கெடுபிடி தொடர்ந்தது. எடோவில் பிணையாக வைக்கப்பட்ட பிரபுக்களின் மனைவியர் தப்பிவிடக் கூடாது என்பதற்காக, தோக்கைதோ நெடுஞ்சாலையின் ஹகோனே, அராய் சாவடிகளில் எந்தப் பெண்ணையும் நிறுத்திச் சோதித்தார்கள்.

சாலையிலும் தனியாளுக்கு மதிப்பில்லை. தனியாக வருகிறவரை விடுதிக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். நோய் வந்து படுத்துவிட்டால் யார் பொறுப்பு? குழுவாக வந்தவர்களுக்கோ வேறு தொல்லை. வாசலிலேயே கையைப் பிடித்து இழுக்கும் விடுதிகள், சூதாட்டம், பரிமாறும் பெண்களை வைத்து நடக்கும் இன்னொரு வியாபாரம். 1804-இல் ஒசாகாவில் பஞ்சு அடிக்கும் கருவி விற்றுவந்த மத்சுயா ஜின்ஷிரோ, ஊர் ஊராகப் போகும் வியாபாரிகளின் இந்த அவஸ்தையைப் பார்த்து, நம்பகமான விடுதிகளை ஒரு சங்கமாக இணைத்தார். பின்னாளில் நனிவா-கோ எனப்பட்ட அதன் பலகை தொங்கும் விடுதியில் தைரியமாகத் தங்கலாம். எந்த ஊரில் எந்த விடுதி என்று கைப்புத்தகமும் அச்சிட்டார்கள். அந்தக் கைப்புத்தகம் யாத்திரிகர் கைக்கும் வந்தது. 1802-இல் ஜிப்பென்ஷா இக்கு வெளியிடத் தொடங்கிய ஹிசகுரிகே என்ற நகைச்சுவை நாவலில், எடோவிலிருந்து இசேவுக்குக் கிளம்பும் யாஜியும் கிதாவும் வழிநெடுக ஏமாறுவதும் ஏமாற்றுவதுமாக நாட்டையே சிரிக்க வைத்தார்கள். தெய்வ நிந்தனை என்று யாரும் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை, விற்ற வேகத்தைப் பார்த்து ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் தொடர்ச்சி எழுதினார்.

இசேவை நெருங்கியதும் மியாகாவா ஆற்றங்கரையில் ஒன்ஷியின் ஆட்கள் காத்திருப்பார்கள். வசதியான குழு என்றால் பல்லக்கு உண்டு. மாளிகை போன்ற வீட்டில் பட்டு மெத்தை, ‘தாய்’ என்ற கடல்மீன், அபலோன், கடல் இறால் என்று வரிசையாக விருந்து. வீட்டில் தினை கலந்த சோறு சாப்பிட்ட உழவர், இங்கே சில நாள் பிரபுவைப் போல நடத்தப்பட்டார். விருந்தின் உச்சம், ஒன்ஷி வீட்டு மண்டபத்தில் குழுவின் பெயரால் நடத்தப்படும் தைதை-ககுரா என்ற இசையும் ஆட்டமும். அதற்கான தொகையை ஒரு வீடு தனியாகக் கட்ட முடியாது. ஊரே பல ஆண்டு சேர்த்த பணம் அந்த ஒரு மாலையில் செலவாகும்.

பிறகு சுற்றிப்பார்த்தல். பார்க்க ஒன்றுமில்லாத கோயிலைச் சுற்றி, பார்க்க வேண்டியவை வளர்ந்தன. கெக்கூ வளாகத்தில் 40, நைக்கூ வளாகத்தில் 80 என்று துணைத் தெய்வங்களின் சின்னச் சின்னச் சன்னதிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் காணிக்கைக்குக் குரல் கொடுப்பார். அத்தனைக்கும் போடச் சில்லறைக்கு எங்கே போவது? அதற்கென்றே புறாக்கண் காசு என்ற மிகச் சிறிய ஈயக்காசுகள் புழங்கின. கெக்கூவுக்குப் பின்னால் தகாகுரா மலையில் ஒரு கற்குகை உண்டு. அமதெராசு ஒளிந்த குகை அதுதான் என்று சொல்லி யாத்திரிகர்களை மலையேற்றினார்கள். உண்மையில் அது 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏதோ ஒரு தலைவரின் கல்லறை. உள்ளே 18 மீட்டருக்கு மேல் நீளும் கல்லறைக்கூடம், உயிரோடிருக்கும் தேவியின் வீடாகிவிட்டது. சூரியதேவி ஒளிந்த குகை தங்களிடம்தான் இருக்கிறது என்று சொல்லும் ஊர்கள் ஜப்பானில் வேறும் பல உண்டு. கியூஷூ தீவின் தகாசிஹோ அவற்றில் பெயர்பெற்றது. புராணத்துக்கு முகவரி கிடையாது. ஆனால் நடந்து வந்த கூட்டத்துக்கு முகவரி வேண்டியிருந்தது, உள்ளூர்க்காரர்கள் கொடுத்தார்கள்.

இரண்டு கோயில்களுக்கும் நடுவிலுள்ள மேட்டுவழியில் பெண்கள் ஷமிசென் வாசித்தபடி, வழிப்போக்கர் முகத்தைக் குறிவைத்து எறியும் காசுகளைத் தலையைச் சாய்த்துத் தப்பிக் காட்டினார்கள். அந்த மேட்டின் மேல் ஃபுருயிச்சி. நாட்டின் பெரிய பரத்தையர் வீதிகளில் ஒன்று, இரண்டு ஆலயங்களுக்கும் இடையே பொதுவழியில் இருந்தது. விரதம் முடித்தவர்கள் நேரே அங்கே போனார்கள். 1796-இல் அங்குள்ள அபுராயா விடுதியில் நடந்த கொலைகள் அதே ஆண்டில் கபுக்கி நாடகமாகிவிட்டன. யாத்திரை என்பது வெறும் சாக்கு, உண்மையில் உல்லாசப் பயணம் என்று அன்றே சில அறிஞர்கள் முகஞ்சுளித்தார்கள். இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை. எனக்கு இந்தப் பிரிப்பில் பெரிய பயன் தெரியவில்லை. அந்த உழவரின் கணக்குப் புத்தகத்தில் காணிக்கையும் விடுதிக் கட்டணமும் பலகாரமும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. அவர் பிரிக்காததை நாம் பிரித்துவிட்டு எது உண்மையான பக்தி என்று கேட்பது அவ்வளவு நியாயமில்லை. ஃபுருயிச்சியில் விற்கப்பட்ட பெண்களுக்கு இந்த யாத்திரை என்னவாக இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அவர்கள் பயணக் குறிப்பு எழுதவில்லை.

உழவர் வேறொன்றையும் பார்த்துக்கொண்டே போனார். வழியில் எந்த ஊரில் எந்த நெல், எப்படி நீர் பாய்ச்சுகிறார்கள், ஏர் எப்படி இருக்கிறது. பிடித்த கதிரிலிருந்து ஒரு கை விதையை மடியில் கட்டி வந்தவர்கள் பலர். இசே-நிஷிகி என்ற நெல் ரகம் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது யாத்திரிகர்களின் கைவழியாகத்தான். தாயத்தோடு விதைநெல்லும் வந்ததால் போகாதவர்களுக்கு இரட்டை லாபம்.

கோ எல்லாருக்குமானதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உறுப்பினர் வீட்டுத் தலைவர், அதாவது பெரும்பாலும் ஆண். மனைவி, மகன், மருமகள், வேலைக்காரப் பையன், கடைச் சிப்பந்தி யாருக்கும் சீட்டில் பெயர் இல்லை. வசதியான வணிகர் வீட்டுப் பெண்கள் சிலர் துணையோடு போய் நாட்குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். லாரா நென்சியின் ஆய்வு அவர்களைப் பற்றிப் பேசுகிறது. மற்றவர்களுக்கு இருந்த வழி, சொல்லாமல் கிளம்புவது. நுகே-மைரி என்ற இந்த ஓடிப்போகும் யாத்திரையை ஊர் ஒருவகையில் ஏற்றுக்கொண்டிருந்தது. இசேவுக்குப் போய்த் தாயத்தோடு திரும்பிய வேலைக்காரனை முதலாளி தண்டிக்கக் கூடாது என்பது வழக்கம். கையில் ஓர் அகப்பை இருந்தால் இவர் இசே யாத்திரிகர் என்று எல்லாருக்கும் புரியும். அதை நீட்டினால் சோறோ காசோ விழும்.

இந்த ஓட்டம் சில ஆண்டுகளில் வெள்ளமாகியது. வானத்திலிருந்து இசே தாயத்துகள் விழுந்தன என்று வதந்தி கிளம்பும். அடுத்த நாள் தெருவே காலியாகும். 1650, 1705, 1771, 1830 ஆகிய ஆண்டுகளில் நடந்த இவற்றை ஒகாகே-மைரி என்பார்கள். 1705-இல் 50 நாட்களில் 36,20,000 பேர் சென்றதாக அறிஞர் மொதோஓரி நோரினாகா எழுதி வைத்திருக்கிறார். இசே சாலையிலிருந்த மத்சுசகா ஊர்க்காரர் அவர். 1771-இல் உஜிப் பகுதிப் பெண்களும் குழந்தைகளும் கூட்டமாகக் கிளம்பியதில் தொடங்கியது. இந்த உஜி கியோத்தோவுக்கு அருகிலுள்ள வேறு ஊர். 1830-இல் ஷிகோகு தீவின் ஆவாவில் பள்ளிப் பிள்ளைகள் தொடங்கிவைத்தார்கள். அந்த ஆண்டு போனவர்கள் 40 லட்சத்துக்கும் மேல். கெக்கூவின் வாயிலில் அகப்பைகள் குவிந்து கிடந்தன. வழியிலிருந்த வணிகர்கள் சோறும் செருப்பும் இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் கூட்டம் என்ன செய்யுமோ என்ற பயமும் அந்தத் தானத்தில் இருந்தது. அதே நேரம் வைக்கோல் செருப்பின் விலையை ஏற்றிக் காசு பார்த்தவர்களுக்கும் குறைவில்லை.

மனிதரோடு நிற்கவில்லை. நோயாலோ முதுமையாலோ போக முடியாதவர்கள் நாயை அனுப்பினார்கள். கழுத்தில் ஊர்ப் பெயரும் கொஞ்சம் காசும் கட்டிவிடுவார்கள். வழியில் போகும் கூட்டங்கள் அதற்குத் தீனி போட்டு, காசை எடுத்துச் செலவுக்கு வைத்துக்கொண்டு, சில சமயம் தாங்களும் காசு சேர்த்து, ஊர்விட்டு ஊர் கூட்டிப்போவார்கள். நாய் தாயத்தோடு திரும்பும். ஹிரோஷிகே வரைந்த மியாகாவா துறைப் படத்தில் அப்படி ஒரு நாய் நிற்கிறது. கேட்டால் கட்டுக்கதை போலிருக்கும். ஆனால் தனக்குப் பதில் ஒருவரை அனுப்பலாம் என்று ஏற்றுக்கொண்ட சமூகத்தில், அந்த ஒருவர் ஏன் நாயாக இருக்கக் கூடாது?

விக்டர் டர்னர் யாத்திரையைப் பற்றி எழுதியது மானுடவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். யாத்திரை மனிதர்களை அவர்களுடைய அந்தஸ்திலிருந்து சற்று நேரம் கழற்றி ஒருவரோடொருவர் சமமாக நிறுத்துகிறது என்பது அவர் கருத்து. ஒகாகே-மைரிக்கு அது அழகாகப் பொருந்துகிறது. கோவுக்குப் பொருந்தவில்லை. கோ குழுவில் ஊரின் வரிசையும் கடன் கணக்கும் கூடவே நடந்தன. ஒரே கோயில், ஒரே சாலை, ஆனால் கூட்டத்தின் இயல்பு நேர்எதிர். முதல் வகையைத்தான் நாம் பக்திப் பரவசம் என்று படம் வரைந்து வைத்துக்கொள்கிறோம், இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்தச் சாலையை ஓயாமல் நிரப்பியது இரண்டாவது வகை.

1868-க்குப் பின் வந்த மெய்ஜி அரசு இரண்டின் முடிவையும் தொடங்கி வைத்தது. 1869-இல் பேரரசர் மெய்ஜி நேரில் வந்து வணங்கினார். ஆளும் பேரரசர் ஒருவர் அப்படி வந்ததில்லை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகி இருந்தது. 1871-இல் ஒன்ஷி முறை ஒழிக்கப்பட்டது. வரிசைச் சன்னதிகளை அகற்றினார்கள், தகாகுரா குகைக்கு ஏறும் வழியை மூடினார்கள். கோயில் அரசின் சின்னமாகியது, தாயத்து வழங்குவது நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. ஒன்ஷி மாளிகைகளில் பல பிரித்து விற்கப்பட்டன.

ரயில் 1893-இல் மியாகாவாவரை வந்து, 1897-இல் யமதாவை எட்டியது. 1905-இல் ஷிகா மாநிலத்தின் குசத்சு நிலையத்தில் உணவு விற்றுவந்த மினாமி ஷின்சுகே, கோயாசான் மலைக்கும் இசேவுக்கும் ரயிலில் கூட்டத்தை அழைத்துப்போனார். இன்றுள்ள நிப்போன் டிராவல் நிறுவனம் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது அதைத்தான். ஐரோப்பாவில் தாமஸ் குக் 1841-இல் மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் ஆட்களை ஏற்றியதிலிருந்து சுற்றுலாத் தொழிலின் கதையைத் தொடங்குவது வழக்கம். முகவர், முன்பணம், தங்குமிடம், வழிகாட்டி, நினைவுப்பொருள் என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் யமதாவின் ஒன்ஷி வீடுகளில் அது முன்பே இருந்தது. மினாமி அதற்கு ரயில் பெட்டியை மாட்டினார்.

ரயில் 15 நாளை ஒரு நாளாக்கியபோது செலவு சுருங்கியது. செலவு சுருங்கியதும் ஊர் சேர்ந்து ஒருவரை அனுப்ப வேண்டிய தேவை போய்விட்டது. பணம் உள்ள எல்லாரும் போனார்கள். கூட்டமாகவே போனார்கள், ஆனால் இப்போது கூட்டம் என்றால் ஒரே வண்டியில் ஏறியவர்கள் மட்டும். அந்த வெற்றிடத்தில் அரசு வந்து உட்கார்ந்தது. 1930-களில் பள்ளிக் குழந்தைகள் வகுப்பு வகுப்பாக இசேவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1940, முதல் பேரரசர் ஜிம்மு பட்டமேறிய 2,600-ஆம் ஆண்டு என்று கொண்டாடப்பட்டது. ஜிம்மு கால்வைத்த புராண இடங்கள் எவை என்று முடிவுசெய்ய அறிஞர்களைக் கொண்ட குழு அமைத்து, இடங்களுக்குக் கல் நட்டார்கள். அந்த ஆண்டின் யாத்திரைச் சுற்றுலாவை விரிவாக ஆராய்ந்த கென்னத் ரூஃப், போர்க்காலத்திலும் பயணம் குறையாமல் பெருகியதைக் காட்டுகிறார். தகாகுரா குகையை அமதெராசுவின் குகை என்று சொன்ன உள்ளூர்ப் பொய் கொஞ்சம் காசுக்காகச் சொல்லப்பட்டது, நம்பாதவர் சிரித்துவிட்டுப் போகலாம். 1940-இன் கற்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. கேள்வி கேட்ட வரலாற்றாசிரியர் த்சுதா சோகிச்சியின் நூல்கள் அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டன, அவர் நீதிமன்றமும் ஏறினார்.

போருக்குப் பின் கோயில் அரசிடமிருந்து பிரிந்தது. கூட்டம் மட்டும் திரும்பி வந்தது. நைக்கூ வாசலில் 1993-இல் எடோ காலத் தெருவைப் போல ஒகாகே யொக்கோச்சோ என்ற கடைவீதியைக் கட்டினார்கள். பழையது என்று நினைத்து நடப்பவர்களே அதிகம், வீதி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. 62-ஆவது செங்கூ நடந்த 2013-இல் இரண்டு கோயில்களுக்குமாக 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின.

செங்கூவில்தான் பழைய குழு முறையின் மிச்சம் தெரிகிறது. புதுக் கருவறைக்கான மரங்களை இசே ஊர்மக்கள் தெருத்தெருவாகக் குழு அமைத்து, பாட்டோடு கயிறு பிடித்து இழுத்து வருவார்கள். கட்டி முடிந்ததும், தேவி குடிபுகுமுன், அவர்களே வெள்ளைக் கூழாங்கற்களைத் துணியில் ஏந்திப் போய் வேலிக்குள் பரப்புவார்கள். சாதாரண மனிதர் உள்வேலியைத் தாண்ட 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் அனுமதி அது. அண்மைய செங்கூக்களில் நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் குழுக்களைப் பதிவுசெய்து, ஒரு நாள் ஊர்க்காரர்களாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். 2033-இல் வரும் செங்கூவுக்கான மலைவாயில் பூசை 2025 மே மாதம் நடந்தது. மர இழுப்பு அதற்குப் பிந்தைய கட்டம்.

இசே தாயத்து இன்றும் நாடெங்கும் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது. வாங்குகிறவர் பக்கத்து ஷிண்டோ கோயிலில் பணம் கட்டிப் பெற்றுக்கொள்கிறார். அதற்காக யாரும் நடந்து போய்வர வேண்டியதில்லை, யாரையும் எதிர்கொள்ள ஊர் எல்லைக்குப் போக வேண்டியதும் இல்லை.